எட்டில் ஒரு தாயம்

அக்டோபர் 6, திங்கள்

இந்த டைரி மில்லில் கொடுத்தது. நான் ஓய்வு பெற்ற பிறகும் வருடா வருடம் மறக்காமல் ஒன்று கொடுத்துவிடுகிறார்கள். ஜனவரியிலிருந்து பக்கங்கள் வெள்ளையாகவே கிடக்கின்றன. வேலையில்லாதவன் என்னத்தை எழுதுவது என்று விட்டிருந்தேன். இப்போது எழுதாமல் இருந்தால் மண்டை வெடித்துவிடும் போலிருக்கிறது.

செண்பகத்துக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. பேச்சு திரும்பிவிட்டது, சொல்லப்போனால் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. கால் பரவாயில்லை. சுவரைப் பிடிக்காமல் அடுப்படி வரை நடக்கிறாள். வலது கைதான் பிரச்சினை. தோள் சொன்னபடி கேட்கிறது, முழங்கை கேட்கிறது, விரல்கள் கேட்கவில்லை. கரண்டியைப் பிடித்தால் பாதியில் நழுவுகிறது.

வேறு யாருக்காவது என்றால் இடது கையை வைத்துச் சமாளிக்கலாம். இவளுக்கு அது நடக்காது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பியூட்டி பார்லர் பத்தொன்பது வருடமாக இவளுடையது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கை விரல்களிலும் முறுக்கி, கண் இமைக்கும் நேரத்தில் புருவத்தைச் சீராக்கிவிடுவாள். ராஜபாளையத்தில் பாதிக் கல்யாணப் பெண்களின் புருவம் இவள் கைப்பட்டது. எனக்கும் நூலோடுதான் பிழைப்பு. மில்லில் தரப் பரிசோதனைப் பிரிவு. நான் அறுந்த நூலை எண்ணிக்கொண்டிருந்தேன், இவள் அறுபடாத நூலில் சம்பாதித்தாள்.

இன்று பிசியோதெரபி செய்ய ஜெசிந்தா என்ற பெண் முதல் முறையாக வீட்டுக்கு வந்தாள். களிமண் மாதிரி ஒரு பச்சை உருண்டையைக் கொடுத்துப் பிசையச் சொன்னாள். பெருவிரல் நுனி ஆள்காட்டி விரல் நுனியைத் தொட வேண்டும், அதுதான் முக்கியம் என்றாள். வாசல் வரை கூடப் போய் மெதுவாகக் கேட்டேன்.

"திரும்ப நூல் புடிக்க வருமாம்மா? தோராயமா ஒரு கணக்குச் சொல்லு."

"அங்கிள், அப்படியெல்லாம் சொல்ல முடியாது."

"மில்லுல வேலை பாத்தவன்மா. எண்ணிக்கை சொன்னாத்தான் எனக்குப் புரியும்."

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "ஆன்ட்டி மாதிரி நூறு பேரை எடுத்தா, அவ்வளவு நுணுக்கமா விரல் திரும்புறது ஒரு முப்பது பேருக்கு. என் அனுபவத்துல சொல்றேன், புஸ்தகத்துல இல்ல."

செண்பகத்திடம் சொல்லவில்லை.

மாலையில் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் கனகவேல் அண்ணாச்சி போன் செய்தார். "உங்க வீட்டம்மாவுக்கு எப்படி இருக்கு? அவசரப்படுத்துதேன்னு நெனைக்காதீங்க. செல்போன் கடை வைக்க ஒருத்தன் கேக்கான். கார்த்திகைல தொறக்கணுங்கான். மார்கழி பொறந்துட்டா எவனும் புதுக்கடை தொறக்க மாட்டான்லா? ஐப்பசி முடியுறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்க."

சரி என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

ரசத்தில் புளியை இரண்டு தடவை கரைத்து ஊற்றிவிட்டேன். செண்பகம் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "பக்கவாதம் திரும்ப வந்துருச்சோன்னு பயந்துட்டேன்" என்றாள்.

பச்சை உருண்டையை அவளுக்குப் பிடிக்கவில்லை. பிசையப் பிசைய அழுகை வருகிறது என்கிறாள். பரணில் தாயக்கட்டை இருக்கிறதே, அதை எடுத்துத் தரச் சொல்கிறாள். வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்க வருடத்துக்கு ஒரு நாள் எடுப்போம், மறுநாள் பரணுக்குப் போய்விடும். தினமும் வீட்டில் தாயம் உருட்டினால் உருப்படாது என்று என் அம்மா திட்டுவாள். செண்பகத்திடம் சொன்னேன். "உருட்டாமலே என்ன உருப்பட்டுச்சு?" என்று கையைத் தூக்கிக் காட்டினாள்.

ஏணி போட்டு ஏறினேன்.

அக்டோபர் 11, சனி

முதல் ஆட்டம். தரையில் சாக்பீஸால் கட்டம் வரைந்தேன். அவள் நாற்காலியில், நான் கீழே. அவளுக்காக ஒரு பலகையில் உருட்ட ஏற்பாடு. வலது கையால்தான் உருட்ட வேண்டும் என்று அவளே சட்டம் போட்டாள். கட்டை இரண்டும் உருளவில்லை, கையிலிருந்து கொட்டின. ஒன்று பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

நம் வீட்டுக் கட்டை பித்தளை, நீளமானது. நான்கு முகம். ஒன்றில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று, நான்காவது வெறும் முகம். ஒரு கட்டையில் ஒற்றைப் புள்ளியும் இன்னொன்றில் வெறும் முகமும் விழுந்தால் தாயம். அது விழுந்தால்தான் காயைக் கட்டத்துக்குள் இறக்கலாம். இரண்டுமே வெறும் முகமாக விழுந்தால் பன்னிரண்டு.

"தாயம் விழுறதும் பன்னெண்டு விழுறதும் ஒண்ணுதானே? ரெண்டும் அபூர்வம்தான்" என்றாள்.

"ஒண்ணு இல்ல. தாயம் ரெண்டு மடங்கு சுலபம்."

"எப்படி?"

"பன்னெண்டுக்கு ஒரே வழிதான். இதுவும் வெறுசு, அதுவும் வெறுசு. தாயத்துக்கு ரெண்டு வழி. இதுல புள்ளி அதுல வெறுசு, இல்ல அதுல புள்ளி இதுல வெறுசு. மொத்தம் பதினாறு விதமா விழலாம். அதுல ரெண்டு தாயம். எட்டுல ஒண்ணு. பன்னெண்டு பதினாறுல ஒண்ணு."

"அடிக்கடி விழுறது எது?"

"மூணு. அதுக்கு நாலு வழி இருக்கு."

சிறிது நேரம் கட்டைகளைப் புரட்டிப் பார்த்தாள். "இத்தனை வருஷம் ஏகாதசிக்கு என்னைய ஜெயிச்சது இப்படித்தானா? நான் சாமி கணக்குலல்ல நெனைச்சுக்கிட்டு இருந்தேன்."

அக்டோபர் 13, திங்கள்

காலையிலிருந்து அவளுக்குத் தாயமே விழவில்லை. நான் இரண்டு காயைச் சுற்றி முடித்துப் பழமாக்கிவிட்டேன். அவள் காய் ஒன்றுகூட இறங்கவில்லை. "இத்தனை தடவை விழலைல்ல, இப்ப விழுந்தே ஆகணும்" என்றாள்.

அப்படி ஒரு சட்டம் கிடையாது என்றேன். கட்டைக்கு ஞாபகம் இல்லை. போன தடவை என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் புதுசாக எட்டில் ஒன்றுதான்.

"ஆறுதலா ஒரு வார்த்தை பேசத் தெரியுதா உங்களுக்கு?" என்று எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் சொன்னதில் என்ன தப்பு?

அக்டோபர் 15, புதன்

மழை. தாயமும் விழவில்லை, துணியும் காயவில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டுப் போனாள். பார்லர் சாவியை வைத்திருக்கும் சுதா பலகாரத்தோடு வந்தாள். ஏழு வருடமாக செண்பகத்திடம் வேலை பார்ப்பவள். முகப் பூச்சு, முடி வெட்டுவது எல்லாம் அத்துப்படி. நூல் பிடித்தால் மட்டும் பெண்கள் கண்ணில் நீர் விட்டுக்கொண்டு போகிறார்களாம்.

"அக்கா எப்ப வருவாங்கன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க" என்றாள். "நேத்து ஒரு பொண்ணு, அக்கா வர்ற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்னு புருவத்தை எடுக்காமலே போயிருச்சு."

செண்பகம் சிரித்தாள். சுதா போன பிறகு பூஜை அலமாரியிலிருந்து நூல்கண்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். விரலில் சுற்றப் பார்த்தாள். நூல் நழுவி மடியில் விழுந்தது. நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 23, வியாழன்

ஆட்டத்தின் நடுவில் சட்டென்று கேட்டாள். "ஜெசிந்தாகிட்ட கேட்டீங்கல்ல? கேக்காம இருக்க மாட்டீங்க. எத்தனை பேருக்குக் கை வருமாம்?"

"பாதிக்குப் பாதி."

வாயில் வந்துவிட்டது. முப்பது என்று சொல்ல நாக்கு எழவில்லை. மில்லில் ஒரு நூல் கூம்புக்குக்கூட நான் தப்பான எண் எழுதியதில்லை. இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், முழு எண்ணாக்கினேன், அவ்வளவுதான்.

"காசு சுண்டுற மாதிரி" என்றாள்.

"ஆமா."

"அப்ப என் கை வர்றது தாயம் விழுறதைவிடச் சுலபம். அப்படித்தானே?"

"நாலு மடங்கு சுலபம்."

"தாயமே தினமும் விழுதே" என்று சொல்லிக் கட்டையை உருட்டினாள். மூன்று விழுந்தது.

அவள் சொன்னதைச் சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது யோசித்துப் பார்த்தேன். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. தாயம் தினமும் விழுவதற்குக் காரணம் நாங்கள் தினமும் ஐம்பது தடவை உருட்டுகிறோம். கை அப்படியா? வந்த முப்பது பேரில் ஒருத்தியா, வராத எழுபது பேரில் ஒருத்தியா என்பது ஒரே ஒரு தடவை உருட்டுகிற சமாச்சாரம். அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டு வருகிறேன்.

அக்டோபர் 27, திங்கள்

எப்படிப் பார்த்தாலும் எழுபது முப்பதைவிடப் பெரியது. பாதி ஓடாத கடையை நம்பிக்கையில் பிடித்து வைத்திருப்பதும், அவள் தினமும் அதை நினைத்து ஏங்குவதும் நல்லதல்ல. கடை இல்லை என்று ஆகிவிட்டால் மனசு அடங்கும், கை வந்த மட்டும் போதும் என்று இருப்பாள். இது அவள் நல்லதுக்கு.

அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தேன். ஐப்பசிக் கடைசியில் காலி செய்துவிடுகிறோம், செல்போன் கடைக்காரனிடம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று வார்த்தை கொடுத்தேன். "வீட்டம்மாகிட்டக் கலந்துக்கிட்டீங்களா?" என்றார். தலையை ஆட்டினேன். அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வரும் வழியில் மாவு அரைத்து வாங்கி வந்தேன். செண்பகத்திடம் நாளை பதமாகச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 28, செவ்வாய்

சொல்லவில்லை. ஜெசிந்தா வந்திருந்தாள்.

அக்டோபர் 30, வியாழன்

சொல்லவில்லை. செண்பகம் இரண்டு நாளாக ஏனோ பேச்சைக் குறைத்துவிட்டாள். தலைவலியா என்று கேட்டதற்கு, "இல்ல, ரோசனை" என்றாள். ஆட்டத்தை மட்டும் விடவில்லை.

நவம்பர் 3, திங்கள்

தோற்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மறுபடியும் தோற்றேன். அவள் காய்கள் வரிசையாக இறங்குகின்றன. என் காயை இரண்டு தடவை வெட்டினாள். வெட்டும்போது அவள் முகத்தில் பழைய களை தெரிந்தது. தோற்ற எரிச்சலிலும் அதைப் பார்க்க நன்றாக இருந்தது.

ஆனால் எங்கேயோ இடிக்கிறது. இத்தனை தாயமா?

நவம்பர் 5, புதன்

இன்று அவளுக்குத் தெரியாமல் விரல் விட்டு எண்ணினேன். நாற்பது தடவை உருட்டினாள், பதினேழு தாயம். ஐந்து விழுந்திருக்க வேண்டும். ஏழு விழுந்தால் அதிர்ஷ்டம், எட்டு விழுந்தால் பேரதிர்ஷ்டம். பதினேழை அதிர்ஷ்டம் என்று சொன்னால் மில்லில் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

கட்டை தேய்ந்திருக்க வேண்டும். முனை மழுங்கினால் ஒரே முகம் திரும்பத் திரும்ப மேலே வரும். நாளைக்குப் பார்த்துவிடுகிறேன்.

நவம்பர் 6, வியாழன்

மதியம் அவள் தூங்கும்போது கட்டையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அவள் உருட்டும் அதே பலகை. நூற்றறுபது தடவை உருட்டினேன். இருபது தாயம் விழ வேண்டும், இருபத்திரண்டு விழுந்தது. கட்டையில் குற்றமில்லை.

பிறகு பலகையின் சாய்வைச் சந்தேகப்பட்டு, மட்டம் பார்க்க ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் வைத்தேன். பலகையிலும் குற்றமில்லை. பக்கத்து வீட்டம்மா மதில்மேலாக எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, ஹோமமா?" என்று கேட்டாள்.

கட்டை சரி, பலகை சரி. மிச்சம் என்ன?

நவம்பர் 7, வெள்ளி

இன்று ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தேன்.

கட்டை இரண்டையும் உள்ளங்கையில் வாங்குகிறாள். பெருவிரலால் ஒன்றை மெல்லப் புரட்டுகிறாள். வெறும் முகம் மேலே வந்ததும் ஆள்காட்டி விரல் நுனியால் அதை நிறுத்துகிறாள். அடுத்ததைப் புரட்டி ஒற்றைப் புள்ளியில் நிறுத்துகிறாள். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்து, உரசல் சத்தம் வருகிற மாதிரி ஒரு குலுக்குக் குலுக்கி, உருளவிடாமல் பலகையில் வழுக்கிவிடுகிறாள். இரண்டு தடவைக்கு ஒரு தடவை தப்பிவிடுகிறது. அப்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். மீதி நேரம் தாயம்.

கள்ளாட்டம்!

"என்ன, என் கையவே பாக்குறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, ஆடு" என்றேன்.

குடிக்கத் தண்ணீர் எடுப்பதாகச் சொல்லி அடுப்படிக்கு வந்தேன். குழாயைத் திறந்துவிட்டு நின்று அழுதேன். போன மாதம் கரண்டி நிற்காத கை அது. பெருவிரல் நுனி ஆள்காட்டி விரல் நுனியைத் தொட வேண்டும் என்று ஜெசிந்தா சொன்னாளே, அது தொடுவது மட்டுமில்லை, என்னை ஏமாற்றுகிறது. என் வாழ்க்கையில் யாரிடமும் ஏமாந்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

நான்தான் மடையன். கட்டைக்கு ஞாபகம் இல்லை என்று அவளுக்கு வகுப்பெடுத்தேன். சரிதான். ஆனால் கைக்கு ஞாபகம் உண்டு. நேற்று உருட்டியதை அது இன்றைக்கு எடுத்துக்கொள்கிறது. ஒரே ஒரு தடவை உருட்டுகிற சமாச்சாரம் என்று நான் எழுதி வைத்ததைவிடப் பெரிய தப்புக் கணக்கு எதையும் நான் போட்டதில்லை.

அப்புறம்தான் அண்ணாச்சி ஞாபகம் வந்தது. கடையைக் கொடுத்துவிட்டேனே!

நவம்பர் 8, சனி

காலையில் காப்பிகூடக் குடிக்காமல் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்லிக் கெஞ்சுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு நான் அவசரப்பட்டுட்டேன். கடை எங்களுக்கு வேணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு உள்ளே திரும்பிப் பார்த்துச் சத்தம் கொடுத்தார். "ஏட்டி, சார்வாளுக்குக் காப்பி கொண்டா." என் பக்கம் திரும்பினார். "அடுத்த வாரந்தான் வருவீங்கன்னு நெனைச்சேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீங்க சொல்லிட்டுப் போன மறுநாளே செல்போன் கடைக்காரன் கடையை அளக்க வந்துட்டான். அந்தச் சுதாப் பொண்ணு உங்க வீட்டம்மாவுக்குப் போன் போட்டுருச்சு. அந்தம்மா உடனே எனக்குப் போட்டாக. சத்தம்கித்தம் போடல. 'அண்ணாச்சி, ஐப்பசி முடியட்டும், அதுவரைக்கும் யாருக்கும் எழுதிக் குடுத்துராதீங்க. எங்க வீட்டுக்காரரே வந்து வேண்டாம்பாரு'ன்னாக. 'எப்படிம்மா அவ்வளவு உறுதியாச் சொல்லுதீக?'ன்னு கேட்டேன். 'அவருக்கு நான் சொன்னா ஏறாது. எண்ணிப் பாத்தா ஏறும். எண்ண வைக்கேன்'னாக."

காப்பி வந்தது. குடித்தேன். அண்ணாச்சி பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். மரியாதைக்காக மறைத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது செண்பகம் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மார்க்கெட் போகும்போதெல்லாம் இப்படித்தான் ஒத்திகை பார்த்திருக்கிறாள்.

"அண்ணாச்சி வீட்டுல காப்பி எப்படி?" என்றாள்.

"என்கிட்டச் சண்டை போட்டிருக்கலாமே?"

"போட்டா என்ன சொல்லியிருப்பீங்க? 'நூத்துல இத்தனை பேரு'ம்பீங்க. நான் பேச்சுல உங்களை ஜெயிச்சு என்ன செய்ய?" கட்டையைக் கீழே வைத்தாள். "கடையைக் குடுத்துட்டீங்கன்னு கேட்டதும் அப்படி ஒரு ஆத்திரங்க. என்னைய ஒரு வார்த்தை கேக்கலையேன்னு. அந்த ஆத்திரத்துல தனியா உருட்டிப் பழக ஆரம்பிச்சதுதான்."

மன்னித்துவிடு என்று சொன்னேன். கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் நான் அதைச் சொன்னதாக நினைவில்லை.  மதியம் வெங்காயம் நறுக்க அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துண்டுகள் பெரிதும் சிறிதுமாக இருந்தன.

நவம்பர் 11, செவ்வாய்

கட்டையைப் பிடிப்பது வேறு, நூலைப் பிடிப்பது வேறு என்று ஜெசிந்தா எச்சரித்தாள். முழுதாகத் திரும்பும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. நானும் எண் கேட்கவில்லை.

நவம்பர் 17, திங்கள், கார்த்திகை முதல் தேதி

நேற்று ஞாயிறு. பார்லருக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். வாசலில் 'விடுமுறை' அட்டையை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினோம். பத்தொன்பது வருடத்தில் நான் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போனதில்லை. பெண்கள் மட்டும் என்று எழுதியிருக்கிறது.

"உக்காருங்க" என்று சுழல் நாற்காலியைக் காட்டினாள்.

"நானா?"

"முதல் முகத்துல கை நடுங்கும். அடுத்த வீட்டுப் பொண்ணு முகத்துலயா நடுங்கச் சொல்றீங்க?"

உட்கார்ந்தேன். தலையைச் சாய்த்தாள். நூலைப் பல்லில் கடித்தாள். விரலில் சுற்றும்போது ஒரு தடவை நழுவியது. இரண்டாவது தடவையும் நழுவியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு எண்ணிக்கை ஓடவில்லை, அவள் மூச்சு மட்டும் கேட்டது. மூன்றாவது தடவை நூல் சரசரவென்று புருவத்தின்மேல் ஓடியது. வலியில் உயிர் போனது. வாயைத் திறக்கவில்லை.

நெடுநேரம் ஆயிற்று. முடிந்ததும் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

இடது புருவம் கச்சிதமாக இருந்தது, மணப்பெண்ணுக்கு வைக்கலாம். வலது புருவம் நடுவில் அளவுக்கு மேல் மெலிந்து, நுனி மேலே ஏறி நின்றது. யார் எதைச் சொன்னாலும் நம்பாதவன் முகம் எனக்கு.

செண்பகம் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.  விரல்களை நீவிக்கொண்டே சொன்னாள்.

"ஜெசிந்தா சொன்ன கணக்கு இல்ல, நீங்க சொன்ன கணக்குத்தான் சரியா வந்திருக்கு. பாதிக்குப் பாதி."

முப்பது என்பதை ஜெசிந்தா அவளிடம் எப்போது சொன்னாளோ, நான் கேட்கவில்லை. இன்று காலையில் கடையை அவளே திறந்தாள். ஊரெல்லாம் என் புருவத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறாள், போவேன்.